இரவல் குரலில் ஓர் அரசியல்: பெஞ்சமின் பிராங்க்ளினின் அங்கதம், 1722–1790

விதவை, சோதிடர், பிரஷ்ய மன்னர், அல்ஜியர்ஸ் நகரத்துப் பிரமுகர். பெஞ்சமின் பிராங்க்ளின் இத்தனை பேராகவும் எழுதியிருக்கிறார். அமெரிக்க விடுதலையின் மூத்த தலைவர், அறிவியலாளர், தூதர் என்றெல்லாம் அவரைப் பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. ஆனால் தொழிலால் அவர் அச்சுக்காரர். அச்சுக்கூடத்தில் பழகிய குறும்பைத்தான் பிறகு அரசவைகளுக்கும் கொண்டுபோனார். அவருடையவை என்று இன்று உலவும் பல பொன்மொழிகளுக்கு ஆதாரம் மெலிது. 1776இல் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டபோது, ஒன்றாக நிற்காவிட்டால் தனித்தனியாகத் தூக்கில் தொங்குவோம் என்று அவர் சொன்னதாக வரும் புகழ்பெற்ற வாசகம், அவர் உயிரோடிருந்தவரை எங்கும் பதிவாகவில்லை. எனவே அவருடைய நகைச்சுவையை எடைபோட அவர் அச்சிட்டவற்றையும் அனுப்பிய கடிதங்களையும் பார்ப்பதே பாதுகாப்பானது.

தொடக்கம் பாஸ்டன் நகரில். அண்ணன் ஜேம்ஸ் நடத்திய 'நியூ இங்கிலாந்து கூரன்ட்' இதழில் பெஞ்சமின் எடுபிடிப் பையன். தன் பெயரில் எழுதினால் அண்ணன் அச்சிடமாட்டார் என்று அவருக்குத் தெரியும். 1722 ஏப்ரலில், 16 வயதில், 'சைலன்ஸ் டூகுட்' என்ற நடுவயது விதவையின் பெயரில் ஒரு கடிதம் எழுதி, இரவில் அச்சுக்கூடக் கதவின் அடியில் செருகிவிட்டார். அக்டோபருக்குள் இப்படி 14 கடிதங்கள் வந்தன. ஹார்வர்டு கல்லூரியைக் கிண்டல் செய்தார் அந்த அம்மாள். பெண்களின் கல்விக்காகப் பேசினார். அந்தக் கோடையில் அதிகாரிகளைச் சீண்டியதற்காக ஜேம்ஸ் சிறையில் அடைக்கப்பட்டபோது, லண்டன் இதழ் ஒன்றின் கட்டுரையை மேற்கோள் காட்டிப் பேச்சுரிமைக்காக வாதாடினார். அதிகாரத்தை நேரே தாக்கினால் சிறை. ஒரு விதவையின் வாயால் தாக்கினால் வாசகர் சிரிப்பார்கள். இந்தப் பாடம் அவருக்கு ஆயுள் முழுவதும் உதவியது.

பிலடெல்பியாவில் சொந்தமாக அச்சுக்கூடம் வைத்தபின் 1732 டிசம்பரில் 'ஏழை ரிச்சர்ட்' பஞ்சாங்கத்தைத் தொடங்கினார். போட்டிப் பஞ்சாங்கக்காரர் டைட்டன் லீட்ஸ், 1733 அக்டோபர் 17 பிற்பகல் 3 மணி 29 நிமிடத்துக்கு இறந்துபோவார் என்று பிராங்க்ளின் புனைந்த சோதிடர் ரிச்சர்ட் கணித்துச் சொன்னார். லீட்ஸ் கொதித்துப்போய், தான் உயிரோடிருப்பதாக மறுப்பு எழுதினார். என் நண்பர் லீட்ஸ் இவ்வளவு கடுமையாகப் பேசவே மாட்டார், ஆகவே எழுதியவன் ஆள்மாறாட்டக்காரன் என்று பதில் வந்தது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1708இல் லண்டனில் ஆடிய விளையாட்டின் நகல்தான் இது. பிராங்க்ளின் கடன் வாங்கக் கூச்சப்பட்டவர் அல்லர். பஞ்சாங்கம் ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரதி அளவுக்கு விற்றது.

அரசியல் கலந்தது 1751இல். பிரிட்டன் தன் சிறைக்கைதிகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு நாடு கடத்திக்கொண்டிருந்தது. குடியேற்றங்கள் அதைத் தடுக்கச் சட்டங்கள் இயற்றினால் லண்டன் அவற்றை ரத்து செய்தது. 'பென்சில்வேனியா கெசட்' இதழின் மே 9 பதிப்பில் 'அமெரிக்கானஸ்' என்ற பெயரில் பிராங்க்ளின் ஒரு யோசனை சொன்னார்: தாய்நாட்டின் இந்தக் கருணைக்குக் கைம்மாறாக ஆயிரக்கணக்கில் கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பிடித்து அனுப்பி, லண்டன் பூங்காக்களிலும் பிரபுக்களின் தோட்டங்களிலும் விடுவோம். தமிழ் அணியிலக்கணம் படித்தவர்கள் இதை வஞ்சப்புகழ்ச்சி என்று உடனே அடையாளம் காண்பார்கள். சரியாக மூன்று ஆண்டு கழித்து, 1754 மே 9 இதழில், துண்டாகிக் கிடக்கும் பாம்பின் படம் வெளிவந்தது. 'சேருங்கள், இல்லையேல் சாகுங்கள்' என்று குடியேற்றங்களை ஒன்றுகூட அழைத்த படம். ஆனால் அந்த ஆண்டு ஆல்பனியில் அவர் முன்வைத்த கூட்டமைப்புத் திட்டத்தைக் குடியேற்றங்களின் சட்டமன்றங்களும் ஏற்கவில்லை, லண்டனும் ஏற்கவில்லை.

அவர் எப்போதும் சரியாகக் கணித்தார் என்று நினைத்துவிடக் கூடாது. குடியேற்றங்கள்மீது பிரிட்டன் வரி விதித்த 1765 முத்திரைத்தாள் சட்டத்தை எதிர்த்தபோதும், அது நிறைவேறியதும் மக்கள் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிடுவார்கள் என்று நம்பி, முத்திரைத்தாள் விற்கும் பதவிக்குத் தம் நண்பரையே பரிந்துரைத்தார். பிலடெல்பியாவில் கூட்டம் அவர் வீட்டைத் தாக்க வரும் என்ற நிலை. அவர் லண்டனில் இருந்தார். மனைவி டெபொரா துப்பாக்கியை எடுத்துவைத்துக்கொண்டு வீட்டைவிட்டு நகர மறுத்தார். சறுக்கியதை அவர் மீட்டது 1766 பிப்ரவரி 13 அன்று, பிரிட்டிஷ் பொதுமக்கள் அவையில். அன்று அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகள் 174. பலவற்றை அவருடைய நண்பர்களான உறுப்பினர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக் கேட்டார்கள். அமெரிக்கர்களின் பெருமை முன்பு எதுவாக இருந்தது என்று கேட்டதற்கு, பிரிட்டனின் நாகரிக உடைகளை வாங்கி உடுத்துவது என்றார். இப்போது? புதியதைத் தாங்களே நெய்துகொள்ளும்வரை பழந்துணியையே திரும்ப உடுத்துவது என்றார். அந்தப் பதிலில் உரிமை பற்றி ஒரு சொல்கூட இல்லை. துணி வியாபாரிகளின் வயிற்றில் புளியைக் கரைக்க அது போதும். மார்ச் 18 அன்று சட்டம் ரத்தானது.

அவருடைய அங்கதம் உச்சம் தொட்ட ஆண்டு 1773. செப்டம்பர் 11 அன்று லண்டனின் 'பப்ளிக் அட்வர்டைசர்' நாளிதழில், பெரிய பேரரசைச் சிறிய நாடாக்க விரும்பும் அமைச்சர்களுக்கு 20 விதிகள் என்று ஒரு கட்டுரை வெளியானது. தூரத்து மாகாணங்களுக்குச் சம உரிமை தராதே; அவர்கள் கலகம் செய்வார்கள் என்று எப்போதும் சந்தேகி; உதவாக்கரை ஆளுநர்களை அனுப்பு; கேட்காமல் வரி போடு; மனுக்களைக் குப்பையில் எறி. ஒவ்வொரு விதியும் லண்டன் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த காரியம்.

அதே இதழில் செப்டம்பர் 22 அன்று வந்த 'பிரஷ்ய மன்னரின் ஆணை' இன்னும் நுட்பமானது. பிரிட்டனில் முதலில் குடியேறியவர்கள் ஜெர்மானியர்கள். ஆகவே பிரிட்டன் எங்கள் குடியேற்றம். கடந்த போரில் காப்பாற்றியதற்கு இனி நாலரை சதவீதச் சுங்கம் கட்ட வேண்டும். கப்பல்கள் கோனிக்ஸ்பர்க் துறைமுகத்தைத் தொட்டுத்தான் போக வேண்டும். இரும்புப் பட்டறை கூடாது. தொப்பி வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு. பிரஷ்யச் சிறைக்கைதிகள் பிரிட்டனுக்கு அனுப்பப்படுவார்கள். இரும்புச் சட்டம் (1750), தொப்பிச் சட்டம் (1732), கைதிகளை நாடு கடத்தும் சட்டம் (1718) எல்லாம் அமெரிக்கர்கள்மீது பிரிட்டன் போட்டவையே. ஆணையை எழுதியவர் பெயர்களை மட்டும் இடம் மாற்றிவைத்தார்.

ஆணை அச்சான சமயம் பிராங்க்ளின் லே டெஸ்பென்சர் பிரபுவின் கிராம மாளிகையில் விருந்தாளி. அங்கே நடந்ததை மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். காலையில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, செய்தித்தாள்களை முதலில் படித்துவிட்டுச் சேதி சொல்லும் வழக்கமுள்ள பால் வைட்ஹெட் மூச்சிரைக்க ஓடிவந்தார்: பிரஷ்ய மன்னர் நம் நாட்டுக்கே உரிமை கொண்டாடுகிறார்! எல்லோரும் விழித்தார்கள். இரண்டு மூன்று பத்தி வாசித்ததும் ஒருவர் அந்த மன்னரைத் திட்டத் தொடங்கினார். இன்னும் கொஞ்சம் வாசித்த வைட்ஹெட்டுக்குச் சந்தேகம் தட்டியது. பிராங்க்ளின் முகத்தைப் பார்த்தார், இது உங்கள் அமெரிக்கக் குறும்புதான் என்றார். அறையே சிரித்தது.

சிரித்தார்கள், அவ்வளவுதான். பிரிட்டிஷ் கொள்கை ஓர் அங்குலமும் அசையவில்லை. டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. 1774 ஜனவரி 29 அன்று, மாசசூசெட்ஸ் ஆளுநரின் கடிதங்கள் பிராங்க்ளின் வழியாகக் கசிந்த விவகாரத்தில், பிரிவி கவுன்சில் முன் வழக்கறிஞர் வெடர்பர்ன் ஒரு மணி நேரம்போல் அவரை வசைபாட, பிரபுக்கள் கைகொட்டி ரசித்தார்கள். மான்செஸ்டர் வெல்வெட் உடையில் நின்ற பிராங்க்ளின் வாய் திறக்கவில்லை. விரைவிலேயே அவர் வகித்த அஞ்சல் துறைப் பதவியும் பறிபோனது. 1778 பிப்ரவரி 6 அன்று பிரான்ஸுடன் உடன்படிக்கையில் கையெழுத்திட அதே உடையை அணிந்துபோனார் என்றும், அந்த உடைக்கு ஒரு சின்னப் பழிவாங்கல் வேண்டாமா என்றாராம் என்றும் ஒரு கதை உண்டு. சொன்னவர் எட்வர்ட் பான்கிராஃப்ட். பாரிஸில் பிராங்க்ளினுக்குப் பக்கத்திலேயே இருந்த இவர் பிரிட்டிஷ் ஒற்றர் என்பது வெளிப்பட ஒரு நூற்றாண்டு ஆனது.

பாரிஸ் காலத்தில் அங்கதம் கறுத்தும் போனது. 1782இல் பாஸி கிராமத்தில் வைத்திருந்த சொந்த அச்சுப்பொறியில், பாஸ்டன் செய்தித்தாள் ஒன்றின் இணைப்பிதழ்போல ஒரு தாளை அச்சிட்டார். நம்பவைக்கப் போலி விளம்பரங்களும் சேர்த்தார். செனெக்கா பழங்குடியினர் அமெரிக்கர்களின் தலைத்தோலை மூட்டை மூட்டையாகக் கட்டிக் கனடா ஆளுநருக்கு அனுப்பியதாக அதில் ஒரு கற்பனைக் கடிதம். பிரிட்டன்மீது வெறுப்பைக் கிளப்புவது நோக்கம். பழி விழுந்தது ஒரு பழங்குடிமீது. பிரஷ்ய ஆணையின் பொய் படிக்கப் படிக்க உடைந்துவிடும். இது உடையவே கூடாது என்று செய்த பொய். பின்னாளில் இதை உண்மை என்று நம்பிச் செய்தித்தாள்கள் மறுபதிப்பும் செய்தன. இதை நகைச்சுவைக் கணக்கில் சேர்ப்பது நியாயமல்ல.

அவருடைய அரசியல் அறிவின் முதிர்ந்த கனி, நகைப்பே இல்லாத ஒரு கடிதம். 1782 நவம்பர் 30 அன்று பிரான்ஸைக் கலக்காமலே அமெரிக்கத் தூதர்கள் பிரிட்டனுடன் முதற்கட்ட சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் வெர்ஷேன் கடிந்து எழுதினார். டிசம்பர் 17 அன்று பிராங்க்ளின் பதில் அனுப்பினார்: மரியாதைக் குறைவு நேர்ந்தது உண்மை, பொறுத்தருள்க, நம்மைப் பிரித்துவிட்டதாக ஆங்கிலேயர்கள் இப்போதே மகிழ்கிறார்களாம், இந்தச் சின்ன மனத்தாங்கல் வெளியே தெரியாமலிருந்தால் அவர்கள் ஏமாந்துபோவார்கள். மன்னிப்பு போலவும் இருக்கிறது, மிரட்டல் போலவும் இருக்கிறது. எதிராளி கோபத்தை விழுங்க ஒரு கௌரவமான வழியையும் காட்டுகிறது. பிரான்ஸ் 60 லட்சம் லிவர் புதிய கடன் தந்தது.

1787 செப்டம்பர் 17 அன்று, 81 வயதில், அரசமைப்பு மாநாட்டிலும் இதே வழிதான். அவர் எழுதித்தந்த உரையை ஜேம்ஸ் வில்சன் வாசித்தார். சகோதரியோடு சண்டையிட்டு, எப்போதும் சரியாக இருப்பவள் தான் ஒருத்திதான் என்று வியந்த பிரெஞ்சுப் பெண்ணின் கதையைச் சொல்லி, தம் கருத்தே சரி என்பதில் ஒவ்வொருவரும் கொஞ்சம் சந்தேகம் கொள்ளும்படி வேண்டினார். 39 பேர் கையெழுத்திட்டார்கள். அவையிலிருந்த மூவர் மறுத்தார்கள்.

கடைசி முகமூடி 1790இல். அடிமைகளை வைத்திருந்தவர், தம் இதழில் அடிமை விற்பனை விளம்பரங்களை வெளியிட்டவர், முதுமையில் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, பிப்ரவரியில் காங்கிரஸுக்கு மனு அனுப்பினார். ஜார்ஜியாவின் ஜேம்ஸ் ஜாக்சன் அடிமைமுறையை ஆதரித்து முழங்கினார். மார்ச் மாதக் கடைசியில் 'ஃபெடரல் கெசட்' இதழில் அல்ஜியர்ஸ் நகரத்து சிதி மெஹெமத் இப்ராகிம் பேசினார்: கிறித்தவ அடிமைகளை விடுவித்தால் இந்த வெயிலில் நிலத்தை யார் உழுவது? முதலாளிகளின் நட்டத்தை யார் ஈடுகட்டுவது? ஜாக்சனின் வாதங்கள்தான், ஒன்றும் குறையாமல். ஏப்ரல் 17 அன்று பிராங்க்ளின் இறந்தார். மனுவால் எதுவும் நடக்கவில்லை. 1808 வரை அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடை செய்யக் கூடாது என்று அரசமைப்பிலேயே ஒரு விதி இருந்தது; அந்த அரசமைப்பில் பிராங்க்ளினும் கையெழுத்திட்டிருந்தார்.