விருந்தை நடத்தியது யார்? லேன் பார்ட்டியின் வரலாறும் வீட்டுவேலையும்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரிக் கணினித் துறை மாணவர்கள் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார்கள். 120 கணினிகளை ஒரே அரங்கில் கேபிளால் இணைத்து, சனிக்கிழமை காலை தொடங்கி ஞாயிறு காலைவரை விடிய விடிய விளையாடும் ‘லேன் பார்ட்டி’ நடத்த அனுமதி வேண்டும் என்றார்கள். மாணவர் நலக் குழுவில் நானும் இருப்பதால் அந்தத் தாள் தமிழ்த் துறைக்கும் வந்தது.

விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் குழுக்களின் பட்டியல் இருந்தது. மின்சாரம், நெட்வொர்க், போட்டி, பாதுகாப்பு ஆகிய நான்கு குழுக்களிலும் மாணவர்கள் மட்டுமே. வரவேற்பு, உணவு, அலங்காரம் என்ற மூன்றிலும் மாணவிகள் மட்டுமே. அலுவலகம் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்திருந்தது: மாணவிகள் மாலை 6 மணிக்குள் வளாகத்தை விட்டு வெளியேற வேண்டும்.

விண்ணப்பம் கொண்டுவந்த மாணவனிடம் கேட்டேன்: “முக்கியமான போட்டியெல்லாம் எத்தனை மணிக்குப்பா?”

“ராத்திரி பத்து மணிக்கு மேலதான் மேடம்.”

“அப்ப பொண்ணுங்க?”

“அவங்க பகல்ல ஆடிக்கலாம் மேடம். அந்த ரூல் நாங்க போட்டதில்ல.”

அவன் சொன்னது உண்மைதான். அந்த விதியை அவர்கள் போடவில்லை. ஆனால் குழுக்களின் பட்டியலை அவர்கள்தான் போட்டார்கள். விருந்துக்கு வேண்டியதையெல்லாம் செய்து வைத்துவிட்டு, விருந்து தொடங்கும் நேரத்தில் பெண்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதே அந்தத் தாளின் பொருள். இந்த விளையாட்டுக் கூடுகை எங்கே, எப்படித் தோன்றியது, அதன் வேலைகளை யார் செய்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

*

1993 டிசம்பர் 10ஆம் தேதி அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. நெட்வொர்க்கில் இணைந்த கணினிகளில் நான்கு பேர்வரை ஒரே களத்தில் மோதிக்கொள்ள அது வழிசெய்தது. அதன் தொடக்கப் பதிப்பு செய்திகளை நெட்வொர்க்கிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக வாரி இறைத்ததால் அலுவலக, பல்கலைக்கழக நெட்வொர்க்குகள் திணறிப்போயின. பல இடங்களில் தடை வந்தது. வீட்டிலிருந்த தொலைபேசி இணைப்போ மிகவும் மெதுவானது. தாமதமில்லாமல் பலர் சேர்ந்து விளையாட ஒரே வழிதான் இருந்தது: அவரவர் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்துக்குப் போக வேண்டும். படக்குழாய் மானிட்டர் ஒன்றே பதினைந்து, இருபது கிலோ இருக்கும். அதைக் காரின் பின்னிருக்கையில் வைத்து, சிபியுவை மடியில் ஏந்திக்கொண்டு போனார்கள்.

கணினியோடு கூடும் வழக்கம் ஐரோப்பாவில் அதற்கும் முந்தியது. கணினியில் ஓவியமும் இசையும் நிகழ்த்திக் காட்டும் ‘டெமோ’ கலைஞர்கள் 1980களிலேயே கூடிவந்தார்கள். பின்லாந்தின் ‘அசெம்ப்ளி’, நார்வேயின் ‘தி கேதரிங்’ இரண்டும் 1992இல் தொடங்கின. ஸ்வீடனில் மாலுங் என்ற சிற்றூரின் பள்ளிக்கூட நிலவறையில் நண்பர்கள் சிலர் கூடினார்கள். 1994இல் அக்கூட்டம் பள்ளி உணவுக்கூடத்துக்கு மாறியபோது அதற்கு ‘டிரீம்ஹாக்’ என்று பெயர் வந்தது. 1997இல் போர்லெங்கே நகர அரங்கத்துக்கும், 2001இல் யோன்ஷோப்பிங் நகரின் எல்மியா கண்காட்சி வளாகத்துக்கும் அது இடம்பெயர்ந்தது. அமெரிக்காவில் 1996 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்தின் கார்லண்ட் நகரில், ‘குவேக்’ விளையாட்டின் ரசிகர்கள் ஒரு விடுதியில் கூடினார்கள். ‘குவேக்கான்’ அப்படித்தான் பிறந்தது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் எண்களாலேயே சொல்கிறார்கள். எத்தனை கணினி, எவ்வளவு அலைவரிசை, எத்தனை கிலோமீட்டர் கேபிள். 2013 குளிர்கால டிரீம்ஹாக்கில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் இணைக்கப்பட்டன என்பது கின்னஸ் சாதனை. எத்தனை பேருக்குச் சோறு போட்டார்கள், எத்தனை கழிப்பறைகளைக் கழுவினார்கள் என்பதற்குச் சாதனைப் புத்தகத்தில் பக்கம் இல்லை.

*

பெரிய அரங்குகளுக்கு முன்னும் பின்னும் லேன் பார்ட்டியின் உண்மையான வீடு, வீடுதான். மெரிட் கே தொகுத்த ‘லேன் பார்ட்டி’ என்ற புகைப்பட நூல் 2023இல் வந்தது. அக்காலத்து விளையாட்டுக்காரர்களே எடுத்த சாதாரணப் படங்கள் அதில் உள்ளன. சாப்பாட்டு மேசைமேலும் மடக்கு மேசைமேலும் மானிட்டர்கள். தரையெல்லாம் கேபிள், காலி சோடா பாட்டில், பீட்சா அட்டைப்பெட்டி. அந்தப் படங்களைப் பார்க்கும்போது என் கண் சட்டகத்தின் ஓரத்துக்கே போகிறது. பின்னால் தெரியும் திரைச்சீலையைத் தைத்தவர், அல்லது வாங்கி மாட்டியவர் யார்? மேசையிலிருந்த தட்டுகளை எடுத்து இடம் ஒழித்துக் கொடுத்தது யார்? திங்கள்கிழமை காலை அந்த அறையைக் கூட்டியது யார்? படங்கள் அதைச் சொல்வதில்லை. வீடு என்று ஒன்று இருந்தால் அதைக் கவனித்துக்கொள்ளும் ஒருவரும் இருந்திருப்பார். அவர் பெரும்பாலும் ஓர் அம்மாவாகவே இருந்திருப்பார் என்று ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

மின்சாரக் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அமெரிக்க வீடுகளில் ஒரு சாதாரண மின்சுற்று 120 வோல்ட், 15 ஆம்பியர். அதாவது 1800 வாட். ஒரு கணினியும் படக்குழாய் மானிட்டரும் சேர்ந்து 300 வாட் இழுத்தால், ஆறு கணினியோடு சுற்று நிறைந்துவிடும். ஏழாவது கணினிக்கு வேறு அறையிலிருந்து, பெரும்பாலும் சமையலறையிலிருந்து, நீட்டிப்பு வயர் இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது மைக்ரோவேவை இயக்கினால் ஃபியூஸ் போய், ஆட்டம் நின்று, கூச்சல் எழும். பெரிய விழாக்களின் விதிகளிலும் கெட்டில், ஹீட்டர், சிறு ஃபிரிட்ஜ் போன்றவற்றைக் கொண்டுவரத் தடை இருப்பது வழக்கம். 2000 வாட் கெட்டில் ஒன்று ஆறேழு கணினிகளின் மின்சாரத்தைக் குடித்துவிடும். காரணம் சரியானதுதான். ஆனால் வீட்டில் அந்தத் தடை யாருக்கு வந்தது என்று யோசிக்கிறேன். தன் வீட்டில், தன் சமையலறையில், தேநீர் போட மகனுடைய நண்பர்களிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டியிருந்த பெண்ணின் பெயர் இந்த வரலாற்றில் இல்லை.

*

கூடுகை வீட்டை விட்டு வெளியேறியதும் ஒரு மாற்றம் நடந்தது. நார்வேயின் ‘தி கேதரிங்’ 1996 முதல் ஹாமர் நகரின் வைக்கிங் கப்பல் அரங்கில் நடக்கத் தொடங்கியது. 1994 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்கு வேகப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட அரங்கம் அது. கவிழ்த்த கப்பல் போன்ற கூரை. ஈஸ்டர் வாரத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கணினியோடு வந்து பல நாள் தங்குவார்கள். அந்த விழாவைச் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். அவர்களுக்கு ‘குரூ’ என்று பெயர், கழுத்தில் அட்டை, மேலே சட்டை. தலைமைக் குழு, தொழில்நுட்பக் குழு, பாதுகாப்புக் குழு, மருத்துவ உதவிக் குழு, தகவல் குழு என்று அடுக்குகள் உண்டு.

அந்தக் குழுக்களின் வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். வந்தவரை வரவேற்று இடம் காட்டுவது. பசியறிந்து உணவு ஏற்பாடு செய்வது. தூங்க இடம் ஒதுக்குவது. மயங்கி விழுந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது. குப்பை அள்ளுவது. தொலைந்த பையைத் தேடிக் கொடுப்பது. சண்டையை விலக்குவது. எல்லாரும் தூங்கிய பிறகு ஒருவர் விழித்திருப்பது. கேபிள் இழுப்பதைத் தவிர மற்றதெல்லாம் காலங்காலமாக இல்லத்தரசியின் வேலைகள்.

தமிழ் படித்தவளாக எனக்கு இந்த இடத்தில் ஒரு பழைய சொல் குறுக்கிடுகிறது. விருந்தோம்பல். விருந்தினரைப் பேணுவதைத் தொல்காப்பியக் கற்பியல் தலைவியின் மாண்புகளுள் ஒன்றாக வைக்கிறது. சிலப்பதிகாரத்தில், கோவலன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தை எதிர்கொள்ளும் பேற்றை இழந்ததாகக் கண்ணகி அவனிடமே சொல்கிறாள். கணவன் உடன் இல்லாத பெண்ணுக்கு விருந்தோம்பும் தகுதிகூட இல்லை. திருக்குறளில் விருந்தோம்பல் இல்லறவியலின் அதிகாரங்களுள் ஒன்று. வேலை பெண்ணுடையது, ஆனால் அந்த வீடும் விருந்தும் புகழும் ஆணின் பெயரால் அறியப்படும்.

ஹாமரிலும் யோன்ஷோப்பிங்கிலும் இளைஞர்கள் அந்த வேலையைத் தாங்களே செய்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறும் படுக்கையும் ஏற்பாடு செய்யக் கற்றுக்கொண்டது நல்ல விஷயம். இன்று அந்தக் குழுக்களில் பெண்களும் இருக்கிறார்கள். என் கேள்வி வேறு. அதே வேலை அரங்கத்துக்குப் போனதும் அதற்கு அட்டையும் சட்டையும் பதவிப் பெயரும் எப்படிக் கிடைத்தன? வீட்டு நிலவறையில் அதே வேலையைச் செய்த அம்மாவுக்கு ஏன் ஒரு நன்றிகூடப் பதிவாகவில்லை? விருந்தோம்பல் எண்ணத்தக்க உழைப்புதான் என்பதை லேன் பார்ட்டி நிரூபித்துக் காட்டியது. யார் செய்தபோது எண்ணினார்கள் என்பதிலும் அது நிரூபணம்தான்.

*

விளையாட வந்த பெண்களின் கதை தனி. 1996இல் வந்த ‘குவேக்’ விளையாட்டில் பெண் உடலே கிடையாது. யார் விளையாடினாலும் திரையில் ஆணாகத்தான் ஓட வேண்டும். 1997 இறுதியில் வந்த இரண்டாம் பாகத்தில்தான் பெண் உருவைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அதே 1997இல் கான்சாஸ் பல்கலைக்கழக மாணவி ஸ்டீவி கேஸ், குவேக்கை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் ரொமெரோவை அந்த விளையாட்டிலேயே தோற்கடித்தார். பிறகு அவர் விளையாட்டுக் களங்களை வடிவமைக்கும் பணிக்கும் போனார். ஆனால் அவரைப் பற்றி எழுதியவர்கள் அவருடைய ஆட்டத்தைவிட அவருடைய தோற்றத்தைப் பற்றியே அதிகம் எழுதினார்கள்.

பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஜோ பிரைஸ், ஜேசன் ரட்டர் இருவரும் 2003இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெண்கள் விளையாடுவதே இல்லை என்ற பொது எண்ணத்தை அவர்கள் மறுத்தார்கள். பொதுவெளியில் நடக்கும் விளையாட்டுக் கூடுகைகள் ஆண்களின் இடமாக அமைந்திருப்பதால், வீட்டுக்குள் விளையாடும் பெண்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதைப் படித்தபோது எங்கள் விடுதியின் இரும்புக் கதவு நினைவுக்கு வந்தது. நான் ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில் நூலகம் இரவு 8 மணிவரை திறந்திருக்கும். விடுதிக் கதவு 6:30க்கு மூடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நூலகத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்களுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை என்று அப்போது ஒரு பேராசிரியர் சொன்னார்.

லேன் பார்ட்டியின் உயிர் இரவில் இருக்கிறது. போட்டி, நட்பு, கணினியைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது, அரைத் தூக்கத்தில் பேசும் பேச்சு எல்லாம் நள்ளிரவுக்குப் பிறகுதான். பல ஆண்கள் வன்பொருளையும் நெட்வொர்க்கையும் முதலில் கற்றது இப்படிப்பட்ட இரவுகளில்தான். அந்த இரவிலிருந்து ஒரு பெண்ணை வெளியே அனுப்புவது அவளை ஒரு விளையாட்டிலிருந்து மட்டும் விலக்குவதாகாது. அங்கே இலவசமாகக் கிடைக்கும் படிப்பிலிருந்தும் விலக்குவதாகும்.

*

எங்கள் கல்லூரியில் என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன். குழுப் பட்டியலை மாற்றாமல் கையெழுத்திட மாட்டேன் என்றேன். மாணவர்கள் முணுமுணுத்தாலும் மாற்றினார்கள். மின்சாரக் குழுவில் மூன்று மாணவிகள் சேர்ந்தார்கள். உணவுக் குழுவில் ஐந்து மாணவர்கள். இரவு தங்குவது பற்றி மூன்று கூட்டங்கள் நடந்தன. நானும் இன்னொரு பேராசிரியையும் விடியும்வரை இருக்கிறோம் என்றோம். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினோம். கடைசியில் அனுமதி 9 மணிவரைக்கும் நீண்டது. அதற்கு மேல் நகரவில்லை.

அன்று மாலை எம்சிபி இரண்டு முறை டிரிப் ஆனது. எந்த வரிசையில் சுமை கூடியது என்று கண்டுபிடித்து மாற்றியது மின்சாரக் குழுவின் மூன்றாமாண்டு மாணவி. ஐந்து மாணவிகள் கொண்ட ஓர் அணி அரையிறுதிக்குப் போனது. ஆட்டம் 10:30க்கு. 9 மணிக்கு வாசலில் அப்பாக்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. அந்த அணி வரவில்லை என்று எதிரணிக்கு வெற்றி அறிவிக்கப்பட்டது. எதிரணிப் பையன்கள்கூட அதற்குக் கைதட்டவில்லை.

நிகழ்ச்சி அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. வழக்கமாக அதில் கணினி எண்ணிக்கையும் பரிசு பெற்றவர் பெயரும் இருக்கும். நான் மூன்று பக்கம் எழுதினேன். பந்தி பரிமாறிய மாணவர்களின் பெயர்கள், மறுநாள் காலை அரங்கத்தையும் கழிப்பறைகளையும் கழுவிய நான்கு துப்புரவுப் பணியாளர் அக்காக்களின் பெயர்கள், அவர்கள் வேலை பார்த்த மணிக்கணக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. அரையிறுதி முடிவுக்கு எதிரே, ‘ஆட்டம் நடைபெறவில்லை, ஓர் அணிக்கு வளாகத்தில் இருக்க அனுமதி இல்லை’ என்று எழுதினேன். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்கவில்லை. இந்த ஆண்டு விண்ணப்பம் வந்திருக்கிறது. முதல் கையெழுத்து அந்த மூன்றாமாண்டு மாணவியுடையது. அவள் இப்போது இறுதியாண்டில் இருக்கிறாள். சென்ற ஆண்டு அறிக்கையின் நகலையும் அதனோடு இணைத்திருக்கிறாள்.