விபத்து நடந்த தேதி

என் பெரியம்மா சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் முப்பது வருஷம் வெடிக்குக் குழாய் உருட்டியவர். தரையில் சம்மணம் போட்டு, பலகை மேல் குனிந்தபடி நாள் முழுக்க அதே வேலை. பீஸ் ரேட் என்பதால் நிமிர்ந்து உட்கார்ந்தால் காசு போச்சு. இப்போது வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தலை வாரிவிட மருமகள் வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேட்டேன்: “பெரியம்மா, இதுக்கு நஷ்ட ஈடு எதுவும் கேட்டீங்களா?”

சிரித்துவிட்டார். “எனக்கு என்னய்யா, வெடியா வெடிச்சது?”

நான் பெங்களூருவில் கோடு எழுதுகிறவன். மணிக்கட்டு வலி என்று அலுவலகத்தில் சொன்ன வாரமே புது நாற்காலியும் மவுஸும் வந்தன. அதனால் பெரியம்மாவின் பதில் உறுத்தியது. சட்டத்தைத் தேடிப் படித்தேன். அவர் விளையாட்டாகச் சொன்னதைத்தான் சட்டமும் சொல்கிறது.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் அமலானது. அதே 1920-களின் தொடக்கத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தொழிலும் சட்டமும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

சட்டத்தின் மையச் சொல் ‘விபத்து’. அது பிரிட்டனின் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது. விபத்து என்றால் என்ன என்பதில் அங்கேயே சண்டை இருந்தது. மாட்டுத்தீவனம் அழுத்தும் இயந்திரத்தின் சக்கரம் திரும்பவில்லை; முழு பலத்தையும் போட்டுத் திருப்பிய தொழிலாளிக்குக் குடல் இறங்கிவிட்டது. வழுக்கவும் இல்லை, எதுவும் உடையவும் இல்லை, இது எப்படி விபத்தாகும் என்று கீழ் நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. 1903-ல், ஃபென்டன் எதிர் தோர்லி வழக்கில், பிரபுக்கள் சபை மாற்றிச் சொன்னது: யாரும் எதிர்பார்க்காத, திட்டமிடாத தீங்கு என்றால், உடம்பு தாங்காமல் போனதும் விபத்துதான்.

ஆனால் அந்தத் தொழிலாளிக்கு ஒரு குறிப்பிட்ட கணம் இருந்தது. வருஷக்கணக்கில் தேய்ந்தவர்களுக்கு அப்படி ஒரு கணம் கிடையாது. 1948-ல் ஸ்லேட் குவாரித் தொழிலாளி ஒருவரின் சிலிகோசிஸ் வழக்கில் அதே சபை, சிறுகச் சிறுக வருவது விபத்தாகாது என்றது.

அப்படிப்பட்டவர்களுக்கு நம் சட்டத்தில் இருக்கும் வழி மூன்றாம் அட்டவணை, அதாவது தொழில் நோய்களின் பட்டியல். அதில் ஈயம் உண்டு, பாதரசம் உண்டு. தீப்பெட்டிக்காரர்களின் தாடையை அரித்த பாஸ்பரஸும் உண்டு. தோள் தேய்வோ இடுப்பு வலியோ இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தன் பட்டியலில் தசை, எலும்பு நோய்களுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. 2020-ல் நம் நாடாளுமன்றம் பழைய சட்டத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கொண்டுவந்தபோதும், தொழில் நோய்ப் பட்டியல் மூன்றாம் அட்டவணையாகவே தொடர்ந்தது. தோளுக்கு அதிலும் இடம் கிடைக்கவில்லை.

கணக்கு மட்டும் அழகாக இருக்கிறது, ஒரு ஃபங்ஷன் மாதிரி. 2020 ஜனவரி முதல் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 60 சதவீதத்தை 40 வயதுக்கான காரணி 184.17-ஆல் பெருக்கினால் 16,57,530. முழு ஊனத்துக்கு அந்தத் தொகை. கட்டைவிரல் போனால் அதில் 30 சதவீதம், 4,97,259. எல்லா உள்ளீடும் இருக்கிறது. ஆனால் மனுவில் விபத்து நடந்த தேதியைக் கேட்பார்கள். அதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். பெரியம்மாவின் கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் தேதிகளுக்குப் பஞ்சமில்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. சுமார் 40 பேர் செத்தார்கள். அன்று தெருவே அழுதது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகள் பற்றி 1990-ல் எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு தொழிலாளிக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு வேண்டும் என்றது. வெடி விபத்துக்கு இழப்பீடு இன்னும் அதிகமாக, இன்னும் சீக்கிரமாக வர வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில், வெடிக்காமலே தேய்ந்துபோன உடம்புகள் யார் கண்ணுக்கும் படவில்லை. படித்துக் கம்பெனிக்குப் போன என் கண்ணுக்கும்தான். நான் இன்ஜினியரிங் படிக்க ஃபீஸ் கட்டியதில் பெரியம்மா உருட்டிய குழாயும் உண்டு.

இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்ப தேதி வேணுமாக்கும்” என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “பெரியவன் மூணாப்பு படிக்கையில ஒருநா சோத்துப்பானைய இறக்க முடியாமப் போச்சு. கை நின்னுருச்சு. அந்த நாளை எழுதிக்கிருவாங்களாய்யா?”

“எழுதிக்க மாட்டாங்க பெரியம்மா.”

“அன்னைக்கும் வேலைக்குப் போனேன்ய்யா” என்றார்.