அடையாறு உருளைக் கட்டையும் இன்றைய டேப்லெட்டும்



"பையனுக்கு டேப்லெட் வாங்கலாமா டீச்சர்?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். பதில் நம்ம அடையாறு வரலாற்றிலேயே இருக்கிறது.

1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மரியா மாண்டிசோரி அம்மையார் தம் மகனுடன் அடையாறு வந்தார். சுமார் 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார்.

அவருடைய கருவிகளில் ஒன்று உருளைக் கட்டை. பத்துக் குழி, பத்து உருளை. ஒன்றை இடம் மாற்றிப் போட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும். டீச்சர் வாய் திறக்கவே வேண்டாம். தவறைப் பிள்ளையே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். பிள்ளை கேட்டுக் கற்பதைவிடச் செய்து கற்பதே அதிகம் என்று ஆசிரியப் பயிற்சியில் பியாஜே பெயரில் படித்தோமே, அதுவும் இதுதான்.

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ரிஷிவேலியின் அட்டை முறையைப் பின்பற்றி 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பிறகு அது தமிழகம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, அட்டையைத் தாங்களே எடுத்து, ஏணிப்படியில் அவரவர் வேகத்தில் ஏறினார்கள். கீழ்மட்டக் கரும்பலகை அவர்களுடையதாயிற்று.

2018இல் புதிய பாடநூலில் க்யூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் இடம் அடையாற்றுக்குப் பக்கத்திலேயே, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்.

இங்கே என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், ஒன்றாம் வகுப்பில் கழித்தல் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே குரலில் பதில் வந்தது. மறுநாள் ஒன்பது புளியங்கொட்டையைக் கொடுத்து நான்கை எடுக்கச் சொன்னேன். மீதி எத்தனை என்று பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியவில்லை. முந்தின நாள் அவர்கள் கண் மட்டும்தான் வேலை செய்திருக்கிறது. வீடியோவின் மேல் குற்றமில்லை. கையில் கொடுக்க வேண்டியதை நான் கொடுக்கவில்லை. அதன்பின் முதலில் கொட்டை, பிறகுதான் வீடியோ.

ஆகவே டேப்லெட் வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பிள்ளை பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து இரண்டே விஷயத்தைப் பாருங்கள். அதன் கை ஏதாவது செய்கிறதா? தப்புப் போட்டால் அதற்கே தெரிகிறதா? இரண்டும் இல்லையென்றால் அது விலை கூடிய கரும்பலகைதான்.

அட்டை எடுத்துப் படித்தவர்கள் உங்கள் நினைவுகளைக் கீழே எழுதுங்கள். ஆவலோடு படிப்பேன்.