தஞ்சாவூர்க் கோயிலில் இடிபட்ட கருவியும் அப்பாவின் மைக்ரோமீட்டரும்

போன வருஷம் தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னால் அப்பா கையிலிருந்து மைக்ரோமீட்டர் நழுவி விழுந்துவிட்டது. சிமெண்ட் தரை. இடுப்பு உயரம்தான். ஆனால் விழுந்த சத்தத்தில் அப்பா முகம் போன போக்கைப் பார்த்தால் யாருக்கோ அடிபட்ட மாதிரி இருந்தது.

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் எங்கள் பழைய வீடு. நாங்கள் செம்பூருக்கு வந்து பல வருஷம் ஆகியும் அந்த வீட்டின் கீழறையை அப்பா விடவில்லை. ஒரு சின்ன லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வைஸ். பக்கத்துத் தையல்காரர்களின் மெஷினுக்கு புஷ் போடுவது, பம்பு ஷாஃப்ட் கடைவது என்று 76 வயதிலும் காலையில் கிளம்பிவிடுவார். வருமானம் அவர் டீச் செலவுக்குக் காணாது. அம்மா போன பிறகு அந்த அறைதான் அவருக்கு எல்லாம்.

அந்த மைக்ரோமீட்டர் ஜப்பான் சரக்கு. 1978-இல் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து நாக்தேவி தெருவில் வாங்கியதாகச் சொல்வார். பாட்டியிடம் திட்டு வாங்கியதையும் சேர்த்தே சொல்வார்.

மைக்ரோமீட்டர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு (நானும் பி.காம். தான் சாமி, அப்பா சொல்லித்தான் தெரியும்): குதிரை லாடம் மாதிரி ஒரு சட்டம். ஒரு பக்கம் அசையாத முகம், எதிர்ப்பக்கம் திருகினால் நகரும் தண்டு. திருகை ஒரு சுற்று சுற்றினால் தண்டு அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றும் உருளையில் 50 கோடுகள். ஆக ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் கனமே அதில் ஏழெட்டுக் கோடு வரும்.

விழுந்த பிறகு மூடிப் பார்த்தால் பூஜ்யத்தில் நிற்கவில்லை. மூன்று கோடு தாண்டிப் போய் நின்றது. சட்டம் லேசாக விரிந்துவிட்டது என்றார் அப்பா.

"விடுங்கப்பா, டிஜிட்டல் ஒண்ணு புதுசா வாங்கித் தாரேன்" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். (முழுக்க நல்லதுக்கு இல்லை. இந்தச் சாக்கில் அறையைக் காலி பண்ணிவிடலாமே என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. கை நடுங்க ஆரம்பித்துவிட்ட மனுஷனை லேத் முன்னால் விட்டுவிட்டு நான் ஆபீசில் எப்படி உட்காருவது?)

"புதுசு வாங்குததுக்கு எனக்குத் தெரியாதால? விழுந்ததுக்கு என்ன ஆச்சுன்னு மொதல்ல பாக்க வேண்டாமா?" என்றார். அதோடு சரி. மறுநாளிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டு வரவேண்டியதுதான்.

அந்த மூடிய கதவைப் பார்த்தபோதுதான் எனக்கு 1808-இல் நடந்த ஒரு சங்கதி ஞாபகம் வந்தது. நம்ம தஞ்சாவூரில் நடந்தது. நம் பிள்ளைகளுக்கு எவரெஸ்ட் பெயர் தெரியும், இது தெரியாது.

எவரெஸ்டுக்கு முந்தினவர் வில்லியம் லாம்டன். பட்டாளத்துக்காரர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவோடு நடந்த சண்டையில் இருந்தவர். சண்டை முடிந்ததும், இந்த நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். கம்பெனிக்குத் தேவைப்பட்டது வரைபடம். இவருக்கு அதைவிடப் பெரிய ஆசை, பூமியின் வடிவத்தையே அளக்க வேண்டும் என்று.

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கம் வேலை ஆரம்பம். ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு. அதை 100 அடி இரும்புச் சங்கிலியால் அளந்தார்கள். 57 நாள் ஆனது! சங்கிலியைத் தரையில் போட்டு இழுக்கிற கதை இல்லை. முக்காலிகள் மேல் மரப்பெட்டிகள், பெட்டிக்குள் சங்கிலி, கூடவே தெர்மாமீட்டர்கள். வெயிலில் இரும்பு நீளும் அல்லவா, அதற்குக் கணக்குக் கழிக்க. அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் தூதுக்குழு சீனச் சக்கரவர்த்திக்குக் கொண்டுபோன சீர்வரிசையில் இருந்தது அது. அவர் வேண்டாம் என்றுவிட, கல்கத்தா வழியாக லாம்டன் கைக்கு வந்தது. வேறொரு சங்கிலியை வேலையில் இறக்காமல் தனியாக வைத்துக்கொண்டு, வேலைச் சங்கிலி தேய்ந்திருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்று அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஒரு கோட்டின் நீளம் தெரிந்துவிட்டால் அப்புறம் சங்கிலி வேண்டாம், கோணம் போதும். கோட்டின் ரெண்டு முனையிலிருந்தும் தூரத்து மலை ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால் முக்கோணம் முடிந்தது. அதன் ஒரு பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். இப்படியே நாடு முழுக்கப் போகலாம். பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் கோணம் துல்லியமாக இருக்க வேண்டும்.

அதற்குத்தான் தியோடலைட். லண்டனில் வில்லியம் கேரி செய்தது. கோணம் காட்டும் பித்தளை வட்டத்தின் குறுக்களவு மட்டும் 36 அங்குலம். மொத்த எடை கிட்டத்தட்ட அரை டன். அது வந்த கப்பலை நடுக்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, அப்போது தங்கள் கையில் இருந்த மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கிருந்த கவர்னர், இது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாக ஒரு கடிதமும் வைத்துச் சென்னைக்கே அனுப்பிவிட்டார். எதிரிக்கு! அந்தக் காலத்துச் சண்டையிலும் ஒரு நாகரிகம் இருந்திருக்கிறது.

மலை இருக்கிற ஊரில் பிரச்சினை இல்லை. காவிரி டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தென்னையும்தான். உயரம் என்றால் கோயில்தான். அதனால் கோயில் கோயிலாகக் கருவியை ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில். 200 அடிக்கு மேல் உயரம். அரை டன்னைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருக்கும்போது, சுவரில் உரசாமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்துவிட்டது. கருவி ஊசலாடிப் போய்ச் சுவரில் மோதியது. அந்தப் பித்தளை வட்டம், கோணம் காட்டவேண்டிய அதே வட்டம், நெளிந்துவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம் (பேங்க் புத்தி, போகாது). ஒரு டிகிரியில் 60 நிமிஷம், ஒரு நிமிஷத்தில் 60 விநாடி. 36 அங்குல வட்டத்தின் விளிம்பில் ஒரு விநாடிக் கோணம் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. அந்த ஒரு விநாடி தப்பினால் 30 மைல் தூரத்தில் உள்ள புள்ளி முக்கால் அடி நகர்ந்துவிடும். அடுத்த முக்கோணம் அதன் மேல், அதற்கடுத்தது அதன் மேல். கூட்டு வட்டி மாதிரி தப்பு ஏறிக்கொண்டே போகலாம். இப்பேர்ப்பட்ட வட்டம் கருங்கல்லில் மோதி நெளிந்திருக்கிறது.

லண்டனுக்கு அனுப்பினால் கப்பலில் போக ஆறு மாதம், வர ஆறு மாதம். இடையில் பிரெஞ்சுக்காரன் வேறு.

லாம்டன் கூடாரத்துக்குள் போய் அடைந்துகொண்டார். முக்கியமான கைவினைஞர்களைத் தவிர யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. கருவியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். ஒரு பெரிய மரப்பலகையில் சரியான அளவில் வட்டம் வெட்டினார். நெளிந்த பித்தளை வளையத்தை ஆப்பு, திருகு, கப்பி என்று வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அந்த வட்டத்தோடு பொருந்த வைத்தார். வளைந்துபோன ஆரக்கால்களைச் சின்ன மரச்சுத்தியால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம். கிட்டத்தட்டப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அந்த 'கிட்டத்தட்ட'வில்தான் விஷயமே இருக்கிறது. மரச்சுத்தியால் தட்டி ஐந்நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குக் கொண்டுவர முடியுமா? முடியாது. அவருக்கும் தெரியும். ஆனால் கருவியின் கோணலை முறையால் சமாளிக்க வழி இருக்கிறது. ஒரே கோணத்தை வட்டத்தின் ஒரு இடத்தில் மட்டும் படிக்காமல், எதிரெதிர் பக்கத்து மைக்ராஸ்கோப்பில் படிப்பது. வட்டத்தைத் திருப்பி வைத்து வேறு கோடுகளில் மறுபடி படிப்பது. சராசரி எடுப்பது. ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறையும். அப்புறம் முக்கோணத்தின் மூன்று கோணத்தையும் கூட்டிப் பார்ப்பது. பூமி உருண்டை என்பதால் 180-க்கு ஒரு துளி கூடுதலாக வர வேண்டும், அதற்கும் கணக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பரீட்சை இருக்கிறது: முக்கோணங்களின் கடைசியில் மறுபடி சங்கிலியைப் போட்டு ஒரு நேர்கோட்டை நிஜமாகவே அளப்பது. கணக்கில் வந்த நீளமும் சங்கிலி சொல்லும் நீளமும் ஒத்துப்போக வேண்டும். டிரயல் பேலன்ஸ் மாதிரி. விபத்துக்கு முன்னால் 1804-இல் பெங்களூரில் இப்படிப் பார்த்தபோது, ஏழு மைல் நீளத்தில் வித்தியாசம் 3.7 அங்குலம்தான். விபத்துக்கு அடுத்த வருஷம், 1809-இல், எங்கள் பாளையங்கோட்டைப் பக்கமே ஒரு கோடு அளந்தார்கள்.

தட்டி நிமிர்த்திய அதே கருவியோடு லாம்டன் வடக்கே போய்க்கொண்டே இருந்தார். 1823-இல் வேலையில் இருக்கும்போதே இறந்தார். இடம் ஹிங்கன்காட், இதே மஹாராஷ்டிராவில் வார்தா மாவட்டம். சென்னைக்குப் போகும் ரயில்கள் அந்த ஊர் வழியாகப் போகின்றன. நாக்பூர்ப் பக்கம் இருக்கும் நம்மவர்கள் எத்தனை தடவை ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள், தெரியாமலே.

கருவி அதோடு சாகவில்லை. 1830-இல் ஹென்றி பாரோ என்ற கருவி வல்லுநரை எவரெஸ்ட் லண்டனிலிருந்து வரவழைத்தார். கல்கத்தாவில் அவர் கையில் கேரி தியோடலைட் புதுப்பிக்கப்பட்டது. பாரோவுக்கும் எவரெஸ்டுக்கும் ஒத்துப்போகாமல் அவர் விலகிய பிறகு அந்த இடத்துக்கு வந்தது யார் தெரியுமா? நம்ம ஆற்காட்டுக்காரர், சையது மீர் மொஹ்சின் உசேன். சென்னையில் நகை, கடிகாரம் என்று நுண்ணிய வேலை செய்துகொண்டிருந்தவர். 1843-இல் சர்வேயின் கருவி வல்லுநராக நியமிக்கப்பட்டார். இமயமலை உயரங்களை அளந்த காலத்தில் அந்தக் கருவிகளைப் பழுதுபார்த்த கை அவருடையது. சிகரத்துக்கு வைத்த பெயர் எல்லோருக்கும் தெரியும், இவர் பெயர் பாடப் புத்தகத்தில் இல்லை. தியோடலைட் டேராடூனில் சர்வே ஆஃப் இந்தியாவிடம் இருக்கிறது.

வீட்டில் உட்கார்ந்து துல்லியம் பண்ணியவர்களில் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனில் யோஹான்சன் என்று ஒரு துப்பாக்கித் தொழிற்சாலைக்காரர். எந்த அளவையும் ஒன்றோடொன்று சேர்த்து உண்டாக்கக்கூடிய எஃகுக் கட்டைகளை அவர்தான் கொண்டுவந்தார். 102 கட்டைகள் ஒரு செட். 1901-இல் காப்புரிமை. அதற்கான மெருகு வேலையை வீட்டில், மனைவியின் தையல் மெஷினை மாற்றியமைத்துச் செய்தார். அந்த அம்மா என்ன சொன்னாரோ :-)

சரி, அப்பா கதைக்கு வருகிறேன்.

நாலாவது நாள் கதவு திறந்திருந்தது. மைக்ரோமீட்டர் கழற்றிய நிலையில் ஒரு பழைய பனியன் துணி மேல் கிடந்தது. சட்டத்தை நிமிர்த்தியாச்சா என்று கேட்டேன். "அதத் தொடவே மாட்டேன். தட்டுனா நாளைக்கு இன்னும் ஒரு பக்கம் இழுக்கும்" என்றார். பூஜ்யத்தை மட்டும் உறையைத் திருப்பிச் சரிசெய்யலாம், அதற்குப் பெட்டியிலேயே ஒரு கொக்கிச் சாவி உண்டு. அது ரெண்டு நிமிஷ வேலை. பிரச்சினை வேறு: ரெண்டு முகங்களும் இப்போது நேருக்கு நேர் பார்க்கவில்லை, லேசாகச் சாய்ந்திருந்தன. எப்படித் தெரியும் என்றேன். ஒரு பேரிங் குண்டை எடுத்து முகத்தின் மேல் பக்கம் வைத்து அளந்தார், அப்புறம் கீழ்ப்பக்கம், இடது, வலது. ஒரே குண்டு, மேலே ஒரு அளவு, கீழே ரெண்டு கோடு வித்தியாசம்!

அதைத்தான் நாலு நாளாகத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு சின்ன வார்ப்பிரும்பு வில்லையை ரெண்டு பக்கமும் கண்ணாடி மேல் தேய்த்துச் சமப்படுத்தி, மெல்லிய பசை தடவி, முகங்களுக்கு நடுவே வைத்துச் சுற்றிச் சுற்றி. இழைப்பது, துடைப்பது, குண்டு வைத்து அளப்பது, மறுபடி. அந்த வேலையின்போது கை நடுக்கம் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில் ஒரு தடவைகூட நடுங்கவில்லை.

எங்கள் கிளையில் நகைக்கடனுக்கு ஒரு எலெக்ட்ரானிக் தராசு உண்டு. ரிப்பேர் பண்ணினால், எடையளவைத் துறை மறுபடி முத்திரை போடாமல் அதில் ஒரு மோதிரம்கூட நிறுக்கக்கூடாது. சட்டம். பழுதுபார்த்தவனே "சரியாயிருக்கு" என்று சொல்வது செல்லாது. அப்பாவிடம் அதைச் சொன்னேன். கொஞ்சம் குத்தலாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"நாஞ் சொன்னா செல்லாதுன்னு எனக்குத் தெரியாதா? கட்டை கொண்டா" என்றார்.

செம்பூரில் தெரிந்த ஒரு பட்டறையிலிருந்து யோஹான்சன் வகைக் கட்டைகள் ஒரு செட்டை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடன் வாங்கி வந்தேன். அப்பா அளந்தார், நான் எழுதினேன். 5 மில்லிமீட்டர் கட்டை, சரி. 10, சரி. 15, ஒரு கோடு குறைவு. 20, ஒரு கோடு குறைவு. 25, ஒன்றரைக் கோடு குறைவு. நான் 25-க்கு "சரி" என்று போட்டுவிடட்டுமா என்பது போலப் பார்த்தேன். "உள்ளத எழுதுல" என்றார்.

அந்தத் தாளைத்தான் வெட்டிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். எந்த அளவில் எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

தீபாவளிக்கு நான் டிஜிட்டலும் வாங்கிக் கொடுத்துவிட்டேன், கேட்காமலே. வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு தடவை மூடித் திறந்து, பெட்டிக்குள் வைத்துப் பீரோவில் வைத்துவிட்டார். பயன்படுத்தவில்லையா என்று கேட்டால், "இது வேலைக்கு இல்ல. மாசம் ஒருக்கா பழசை இதோட வச்சிப் பாக்கணும்" என்கிறார். லாம்டனின் ரெண்டாவது சங்கிலி பற்றி நான் அவரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

அறை இன்னும் காலியாகவில்லை. தையல் மெஷின் புஷ் ஒன்று செய்து கொடுத்து 60 ரூபாய் வாங்கியிருக்கிறார் நேற்று.