வரைந்த கையும் வடித்த கையும்

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் உருவாகி வெளிவரும் வாகனங்களின் வரைபடங்கள் பெரும்பாலும் கடல்கடந்து வந்தவை. கொரியா, ஜப்பான், பிரான்சு, ஜெர்மனி ஆகிய நாடுகளின் நிறுவனங்கள் 1990-களின் பிற்பகுதி தொடங்கி திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் ஆலைகளை எழுப்பின. அவற்றில் உழைக்கும் இளைஞர் பலரிடம் ஒரு மனக்குறை உண்டு. “நாங்க வெறும் பொருத்துறவங்கதானே, சாமி!” என்பார்கள். சிந்திப்பவர் எங்கோ இருக்கிறார். நாம் அவருடைய கோடுகளைப் பின்பற்றும் கைகள் மட்டுமே என்பது அவர்கள் எண்ணம். இந்த எண்ணம் சரியானதா? விடை காண, இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டில் கட்டப்பட்ட ஒரு மரக்கப்பலின் வரலாறு நமக்குத் துணைசெய்யும்.

அக்கப்பலின் பெயர் ‘டிரிங்கோமலி’. அதாவது நம் திருக்கோணமலை. 1782ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்டு ஹியூசும் இப்பகுதிக் கடலில் நான்குமுறை மோதினர். முதல் மோதல் பிப்ரவரி 17ஆம் நாள், நம் செங்கல்பட்டுக் கரையிலுள்ள சதுரங்கப்பட்டினத்திற்கு அப்பால் நிகழ்ந்தது. நான்காவது மோதல் செப்டம்பர் 3ஆம் நாள் திருக்கோணமலைக்கு அப்பால் நடந்தது. அப்போரின் நினைவாகவே கப்பலுக்கு இப்பெயர் வைக்கப்பட்டது.

அதைக் கட்டும் ஆணை 1812இல் பிறந்தது. நெப்போலியனுக்கு எதிரான போர்களுக்காகக் கப்பல்களைக் கட்டிக் கட்டி இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிவிட்டிருந்தது. எனவே மும்பையில், மலபார்த் தேக்கில் கட்டுவதென முடிவாயிற்று. வரைபடங்களை ஏற்றிக்கொண்டு ‘ஜாவா’ என்ற போர்க்கப்பல் புறப்பட்டது. 1812 டிசம்பர் 29ஆம் நாள் பிரேசில் கரைக்கு அப்பால் ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற அமெரிக்கக் கப்பல் அதை வென்று, பின்னர் எரித்துவிட்டது. வரைபடங்களும் அத்தோடு அழிந்தன. மறுபடி வரைந்து அனுப்ப வேண்டியதாயிற்று.

மும்பையில் அவ்வரைபடங்களுக்கு உயிர் கொடுத்தவர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி இனத்துக் கப்பல் தச்சர். அவருடைய முன்னோரான லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா 1736இல் சூரத்திலிருந்து மும்பைக்கு வந்து இத்தொழிலை வேரூன்றச் செய்தவர். 1816இல் பணி தொடங்கியபோது, பார்சி மரபுப்படி அடிமரத்தில் ஒரு வெள்ளி ஆணி அறையப்பட்டது. 1817 அக்டோபர் 12ஆம் நாள் கப்பல் நீரில் இறங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நெப்போலியன் தோற்றுவிட்டான். இங்கிலாந்து செல்லும் வழியில், 1819 சனவரியில், அவன் சிறைவைக்கப்பட்டிருந்த செயின்ட் எலினா தீவிலேயே அக்கப்பல் சில நாள் தங்கிச் சென்றது. எந்தப் போருக்கெனத் திட்டமிடப்பட்டதோ அந்தப் போரை அது காணவே இல்லை.

இத்தகைய கப்பலை அளவு பிசகாமல் சிறிய மர மாதிரியாகச் செய்யும் கலை ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்தில் இவ்வழக்கம் இருந்து வருகிறது. நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்பது அங்கு வழங்கிய அளவு. அதாவது கப்பலின் ஓரடி மாதிரியில் கால் அங்குலம். பீரங்கித் தளம் ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள இக்கப்பல் அவ்வளவில் மூன்றடிக்குச் சற்றே மிகும். தேக்கின் இழை சிறிய அளவில் தடித்துத் தெரியுமாதலால், மாதிரி செய்வோர் பேரிமரம் போன்ற நுண்ணிழை மரங்களை நாடுவர்.

மாதிரி செய்யத் தொடங்குபவர் முதலில் ஓர் உண்மையைக் கற்றுக்கொள்கிறார். வரைபடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. கப்பலின் நீளத்தில் குறிப்பிட்ட சில இடங்களின் வளைவுகளையே அது காட்டும். நம் கடற்கரைத் தச்சர்கள் ஏரா என்று சொல்லும் அடிமரத்தின்மேல் விலாமரங்களை நிறுத்தியபின், இடைப்பட்ட வளைவுகளைக் கண்ணும் கையுமே இழைத்துச் சரிசெய்ய வேண்டும். பலகை எங்கே குறுக வேண்டும், எவ்வளவு நேரம் ஆவியில் பதமானால் முறியாமல் வளையும் என்பவை தாளில் இல்லை. அவை கைவினைஞனின் அறிவு.

இன்னோர் உண்மையும் உண்டு. இங்கிலாந்திலிருந்து வந்த அந்த வரைபடமே இரவல்தான்! 1782இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய ‘ஹெபே’ என்ற பிரெஞ்சுக் கப்பலை அளந்தே ‘லீடா’ வகைக் கப்பல்களை அவர்கள் வகுத்தனர். ‘டிரிங்கோமலி’யும் அவ்வகையைச் சேர்ந்ததே. பிறர் வரைந்ததைச் செய்வது இழிவென்றால், அந்த இழிவில் இங்கிலாந்துக்கும் பங்குண்டு. வரைபடம் நாடுவிட்டு நாடு போகும்; ஒவ்வொரு நாட்டிலும் அதைப் பொருளாக்குபவன் தன் அறிவையும் அதில் சேர்க்கிறான். ஓக்கிலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் அதைக் காக்கும். மும்பைத் தச்சர்கள் இந்தத் தேக்கில் வாழையடி வாழையாகக் கைபழகியவர்கள். அவர்கள் கட்டிய கப்பல் 1897இல் உடைப்பதற்கென விற்கப்பட்டும் தப்பியது. பயிற்சிக் கப்பலாக வேறு பெயரில் வாழ்ந்தது. 2001இல் புதுப்பிக்கும் பணி நிறைவுற்று, பழைய பெயரோடு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது.

எனினும் இது போர்க்கப்பல் என்பதை மறத்தலாகாது. அதன் அழகு பீரங்கிகளைத் தாங்குவதற்காக அமைந்த அழகு. அதன் தேக்கிற்கும் ஒரு விலை இருந்தது. 1806இல் கிழக்கிந்தியக் கம்பெனி மலபார்க் காடுகளுக்குக் கேப்டன் வாட்சனை அதிகாரியாக அமர்த்தித் தேக்கைத் தன் ஏகபோகமாக்கியது. காட்டை நம்பி வாழ்ந்த மக்களின் உரிமை சுருங்கியது. காடுகள் மெலிந்தபின், 1840-களில் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்க வேண்டிய நிலை வந்தது. கைவினைஞனைப் போற்றுகிறோம் என்பதற்காக, அவன் உழைப்பு யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்வியை விட்டுவிட முடியாது. தம் உழைப்பின் பயன் யாரைச் சேருகிறது, தமக்குரிய பங்கு நேர்மையாகக் கிடைக்கிறதா என்று கேட்பது நம் தொழிலாளரின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.

வாடியாவின் பெயர் நிலைத்தது. அவருக்குக் கீழே மரமறுத்தவர், பலகை வளைத்தவர், இடுக்குகளில் பஞ்சடைத்தவர் பெயர்களை யார் அறிவார்? நாசரேத்துத் தச்சர் செய்த ஏரோ நுகமோ ஒன்றுகூட நம்மிடம் இல்லை; ஆயினும் அவர் உழைப்பு வீணென்று நாம் சொல்வதில்லை.

பழைய மாதிரிக் கப்பல்கள் பலவற்றில் அடிப்பகுதிக்குப் பலகை அடிக்காமல் விட்டுவிடுவது வழக்கம். பார்ப்பவர் கண்ணுக்கு விலாமரங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். கப்பலைத் தாங்குவது எது என்பது விளங்கும். வரலாற்றையும் அவ்வாறே எழுத வேண்டும். தளபதியின் பெயரும் கப்பலின் பெயரும் மேல்தளத்தில் இருக்கட்டும். அடியில் தாங்கி நிற்கும் கைகளும் கண்ணுக்குத் தெரியட்டும்.