சிறு பாலூட்டிகளின் சிற்றுண்ணிகள்: வகைப்பாடும் பரவலும்

எலி, பெருச்சாளி, மூஞ்சூறு, அணில், வௌவால் ஆகியவற்றின் உடலில் வாழும் சிற்றுண்ணிகள் பூச்சியினத்தவை அல்ல. சிலந்திக்கும் தேளுக்கும் உறவானவை. வளர்ந்தவற்றுக்கு எட்டுக் கால்கள். முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரிக்கு ஆறே கால்கள். உண்ணிகளையும் சேர்த்து ஏறத்தாழ 55,000 இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. அறிவியலார் இவற்றைப் பாராசிட்டிஃபார்மீஸ், அகரிஃபார்மீஸ் என இரு பெரும் பிரிவுகளாக்குவர். எந்த இனம் எங்கே பரவியுள்ளது என்று கேட்போருக்கோ இந்தக் குடும்ப மரம் மட்டும் போதாது. தன் வாழ்நாளில் எவ்வளவு காலத்தை அது தான் ஒட்டி வாழும் விலங்கான ஓம்புயிரின் மேல் கழிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் வகை, பிறந்தது முதல் உடலை விட்டு அகலாதவை. சுண்டெலியின் மயோபியா மஸ்குலி தன் முன்னங்கால்களால் மயிரைப் பற்றிக்கொண்டே வாழ்கிறது. மயோகாப்டிஸ் மஸ்குலினஸ் அதே வேலையைப் பின்கால்களால் செய்கிறது. வௌவாலின் இறக்கைச் சவ்வில் ஒட்டி வாழும் ஸ்பின்டர்னிசிடே குடும்பத்தில் தனியே முட்டையிடும் நிலையே இல்லை. தாய், நேராக இளம்பருவக் குஞ்சையே ஈனுகிறது. ஓம்புயிர் போகும் இடமே இவற்றின் எல்லை. எலி ரோமத்தில் உலவும் லேலாப்ஸ் இனங்களின் பரவலும் பெரும்பாலும் இப்படித்தான். இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றிய கறுப்பெலி கப்பலேறி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் போனது. இன்று லேலாப்ஸ் நட்டாலி வெப்ப நாடுகள் பலவற்றில் எலிகள் மேல் காணப்படுவதன் காரணமும் அந்தக் கடற்பயணமே.

இரண்டாம் வகை வளைவாசிகள். ரத்தம் குடிக்க மட்டும் எலி மேல் ஏறி, வயிறு நிறைந்ததும் கூட்டுக்கும் சுவர் வெடிப்புக்கும் திரும்புபவை. ஆர்னிதோனிசஸ் பேகோட்டி இவ்வகை. 1946-இல் நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் குடியிருப்பில் இனம் புரியாத கொப்புளக் காய்ச்சல் கண்டபோது, பூச்சி ஒழிப்புத் தொழில் செய்த சார்ல்ஸ் பொமரன்ட்ஸ் அடித்தளச் சுவர்களில் ரத்தம் குடித்த சிற்றுண்ணிகளைக் கண்டார். அக்காய்ச்சலைப் பரப்பிய, சுண்டெலியோடு வாழும் லிபோனிசாய்டிஸ் சாங்குவினியஸ்தான் அது. எலியின் உடலில் மட்டும் தேடியிருந்தால் அது எளிதில் தப்பியிருக்கும்.

மூன்றாம் வகை ட்ராம்பிகுலிடே குடும்பம். 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள். முதல் மழைக்குப்பின் தரையில் ஊரும் செம்பட்டுப்போன்ற தம்பலப்பூச்சிக்கு இவை நெருங்கிய சுற்றம். இவற்றின் இளவுயிரி மட்டுமே ஒட்டுண்ணி. அதுவும் சில நாள்களுக்கே. பின் பருவங்கள் எல்லாம் மண்ணில் சிற்றுயிர்களையும் அவற்றின் முட்டைகளையும் தின்று கழிகின்றன. இளவுயிரி ரத்தம் குடிப்பதில்லை. உமிழ்நீரால் தோலைக் கரைத்து, அங்கு உருவாகும் நுண்குழாய் வழியே அந்தக் கரைசலை உறிஞ்சுகிறது.

இவற்றைச் சேகரிக்கும்போது, பொறியில் சிக்கிய எலிகளைத் தனித்தனித் துணிப்பையில் போட்டுக் கட்டுவது களத்தின் முதல் விதி. உடல் குளிர்ந்தால் லேலாப்ஸ் போன்றவை இறங்கி ஓடிவிடும். பை கலந்தால் எது எந்த எலியுடையது என்பது தெரியாமல் போகும். ட்ராம்பிகுலிட் இளவுயிரிகளோ காதுமடலின் உட்புறத்தில் செம்பொடி தூவியதுபோல் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும். நுண்ணோக்கியில் முதலில் பார்க்க வேண்டியது முதுகின் முன்பகுதியில் உள்ள தகடு. லெப்டோட்ராம்பிடியம் பேரினத்தில் அதில் ஐந்து மயிர்களும் நீண்ட நூல் போன்ற இரண்டு உணர்மயிர்களும் இருக்கும். கார்லீபியா வகையில் தகடு நாக்கு வடிவில் பின்னோக்கி நீண்டிருக்கும். வளர்ந்தவை மண்ணில் மறைந்து வாழ்வதால், இக்குடும்பத்தின் வகைப்பாடே பெரும்பாலும் இளவுயிரியின் மீது எழுந்தது.

இவற்றின் பரவல் எலியின் பரவலோடு ஒத்துப்போவதில்லை. லெப்டோட்ராம்பிடியம் டெலியென்சே எலி மேலும் இருக்கும், மூஞ்சூறு மேலும் இருக்கும். ஓம்புயிரின் இனத்தை அது பெரிதாகப் பார்ப்பதில்லை. மண்ணின் ஈரமும் புதரின் நிழலும்தான் அதற்கு முக்கியம். ஒரே வயல்வெளியில் ஒரு வரப்போரம் திரளாக இருக்க, சற்றுத் தள்ளி ஒன்றும் இல்லாமல் போவது இதனால்தான். இத்திட்டுகளை ஆய்வாளர்கள் சிற்றுண்ணித் தீவுகள் என்பர். தமிழகத்தில் இந்த இளவுயிரிகள் பரப்பும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் மழையை அடுத்த குளிர் மாதங்களில் கூடுவதையும் இதோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் வகைப்பாடு பொதுச் சுகாதாரத்துக்குக் கைகொடுக்கிறது. அக்காய்ச்சலின் கிருமியான ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி தாயிடமிருந்து முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. ஆகவே அந்தச் சிற்றுண்ணி கிருமியைக் கடத்துவதோடு நில்லாமல் அதன் சேமிப்பிடமாகவும் ஆகிறது. எலியை மட்டும் ஒழித்தால் மண்ணிலுள்ள சிற்றுண்ணிகளில் இருக்கும் கிருமி அழியாது. பசித்த இளவுயிரிகள் வேறு உடலைத் தேடும், அது மனித உடலாகவும் இருக்கலாம். புதரை வெட்டுவதும், வயலில் உடலை மூடி நடப்பதும், எலிக் கட்டுப்பாட்டோடு இணைய வேண்டும். கண்ணாடித் தகட்டில் ஏற்றும் ஒவ்வொரு மாதிரியின் சீட்டிலும் ஓம்புயிரின் பெயரோடு மண், செடி, மாதம் மூன்றையும் எழுதிவைத்தால்தான் பரவல் வரைபடம் மருத்துவருக்கும் உதவும்.