தாராவித் தொகுதியும் தமிழ் ஆதிதிராவிடரும்

1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், புனாவை அடுத்த எரவாடாச் சிறையில், காந்தியடிகளின் உண்ணாநோன்பினிடையே ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதில் டாக்டர் அம்பேத்கரின் பெயர் இருப்பதை யாவரும் அறிவர். அதே ஏட்டில் இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா என்னும் இரு தமிழர் கையொப்பங்களும் உள்ளன என்பதை நம் பிள்ளைகளுள் அறிந்தோர் சிலரே. ஒடுக்கப்பட்டோர்க்கு மாகாணச் சட்டசபைகளில் 148 இடங்கள்; அவற்றுள் சென்னைக்கு 30, சிந்து உள்ளிட்ட பம்பாய்க்கு 15. இன்று தனித்தொகுதி என நாம் வழங்குவதன் வேர் அதுவே.

அதற்கு முன்பே திருநெல்வேலிச் சீமையினின்று ஆதிதிராவிடக் குடும்பங்கள் தாராவிக்கு வந்து, தோல் பதனிடும் தொழிலில் உப்போடும் சுண்ணாம்போடும் உழன்றுகொண்டிருந்தன. அவர்தம் பேரப்பிள்ளைகள் வாழும் தாராவி இன்று தனித்தொகுதி. ஆயினும் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றை வைத்துக்கொண்டு அங்கே வேட்பாளராக நிற்க இயலாது.

1966-இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியரை எதிர்த்து முழங்கிய நாள் தொட்டு, மொழியே நமக்குத் தடை என்று எண்ணிப் பழகிவிட்டோம். அண்டையிலுள்ள சயான் கோலிவாடாவோ பொதுத்தொகுதி; அங்கே கேப்டன் தமிழ்ச்செல்வன் 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றார். எனவே தாராவிப் பூட்டு வேறு.

அரசியல் சாசனத்தின் 341-ஆம் விதி, அட்டவணைச் சாதிகளை மாநிலம் மாநிலமாகவே வகுக்கிறது. முதல் ஆணை 1950 ஆகஸ்டு 10-இல் பிறந்தது. அந்நாளுக்குப் பின் குடிபெயர்ந்தோர் தாயக உரிமையைப் புதிய மாநிலத்தில் கோர முடியாது. முன்னரே வந்தோர்க்கும், தம் சாதிப் பெயர் மராட்டிய மாநில அட்டவணையில் இருந்தாலன்றிப் பயனில்லை. தகரக் கூரையின்கீழ் எத்தனையோ மழைக்காலம் கண்டவன் 1950-ஆம் ஆண்டுக் காகிதத்தை எங்ஙனம் காத்திருப்பான்? ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த பழங்குடி மாணவர் ஒருவர் மருத்துவக் கல்லூரி இடத்துக்காக வழக்காடியபோது, 1990-இல் உச்ச நீதிமன்றம் இந்நிலையையே உறுதிசெய்தது. ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டிருப்பவர் பிறிதொன்றில் அங்ஙனமே இருப்பார் என்று கொள்ளலாகாது என்பது நீதிபதிகளின் கருத்து. வந்தேறியோர் உள்ளூர் எளியவரின் இடத்தைக் கவர்ந்துவிடலாகாது என்னும் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் மூன்று தலைமுறை ஒரே சேரியில் வாழ்ந்தவனை வந்தேறி என்பது எவ்வாறு?

விந்தையொன்று கேளுங்கள். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மக்களவைத் தனித்தொகுதியில் எம்மாநிலத்து அட்டவணைச் சாதியினரும் நிற்கலாம் என்கிறது. சட்டமன்றத்துக்கான 5-ஆம் பிரிவோ அம்மாநிலத்தவரையே ஏற்கும். ஆகவே தாராவித் தமிழர் தம் தமிழ்நாட்டுச் சான்றோடு உத்தரப் பிரதேசத்திலோ வங்காளத்திலோ மக்களவைத் தனித்தொகுதியில் போட்டியிடலாம். தாம் குடியிருக்கும் தெருவுக்குச் சட்டமன்ற உறுப்பினராதல் மட்டும் கூடாது.

அட்டவணையில் ஒரு பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் பாராளுமன்றத்துக்கே அதிகாரம். 5-ஆம் பிரிவைத் திருத்துவதும் அதன் வேலையே. சட்டமன்ற வேட்பாளர்கள் நம் மேடைகளில் தரும் வாக்குறுதிகளால் இது நடவாது. தென் மத்திய மும்பையில் மக்களவைக்கு நிற்போரிடமே இக்கேள்வியை எழுப்புதல் வேண்டும்.